பதினாலு நெடுக்கு

மாமனாரை இடப்பக்கமாகச் சாய்த்துத் தோளில் தாங்கிக்கொண்டு, அடியில் ஈரமாகியிருந்த விரிப்பை ஒற்றைக் கையால் உருவிக்கொண்டிருந்தாள் மருமகள். அந்த நேரம் பார்த்து அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அவளுடைய போன் அல்ல, அவருடையது. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்று சொல்லி ஒரு வாரத்துக்கு முன்னால் அவர்தான் அதை அவளிடம் கொடுத்திருந்தார்.

“யாரு?” என்றார். அன்று காலையிலிருந்து அவர் பேசியதில் பாதி அந்த ஒரு வார்த்தைதான்.

“விளம்பரம் மாமா. பல்லு கட்டறதுல தள்ளுபடியாம்.”

“எனக்கா? கொஞ்சம் லேட்டு.”

அவரை மறுபடி தலையணைகளில் ஏற்றி உட்காரவைத்தாள். மூக்குக் குழாயைச் சரிசெய்தாள். அழுக்கு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் போனைப் பார்த்தாள். கணக்கு டீச்சர். ‘பதினாலு நெடுக்கில் ஆட்சேபம். டெய்லரிடம் நேரில் பேச வேண்டும்.’

அதற்கு முன்னால் வந்தவை இரண்டு. டாக்ஸிக்காரர் ஏழரை மணிக்கே அனுப்பியிருந்தார். ‘பதினாலுல இடிக்குதும்மா. ஆனா அவர்கிட்ட சொல்லாதீங்க, பாவம்.’ பல் டாக்டர், ‘பதினாலு பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை’ என்று எழுதியிருந்தார். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிற மனிதர் அவர். மருமகள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, எழுந்தாள். குழாயைத் திறந்துவிட்டு விரிப்பை நனைத்தாள். தப்பு நடந்துவிட்டது, அது தன்னால் நடந்தது என்று அவளுக்குத் தெரியும்.

மாமனார் நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. துணியில் கோடு போட்ட மனிதர் காகிதத்தில் கோடு போட ஆரம்பித்தார். பதினைந்துக்குப் பதினைந்து கட்டம், குறுக்கெழுத்துப் புதிர். சாதாரணப் புதிர் அல்ல. குறிப்பு ஒரு பக்கம் கையைக் காட்டும், விடை இன்னொரு பக்கம் நின்று சிரிக்கும். ‘சிரசும் நீர்த்தேக்கமும் சேர்ந்தால் சாய்ந்துகொள்ளலாம், நாலு எழுத்து’ என்று எழுதுவார். சிரசு என்றால் தலை, நீர்த்தேக்கம் என்றால் அணை, ஆக விடை தலையணை. இந்த மாதிரி முப்பது முடிச்சு. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போனில் குழுவுக்குப் போய்ச் சேரும். குழுவில் ஒன்பது பேர். சாயங்காலம் ஆறு மணிக்குள் அவிழ்த்து அவருக்கு அனுப்ப வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை.

அவர்களுக்குள் சில சட்டங்கள் உண்டு. புதிரில் தப்பு கண்டுபிடித்தால் குழுவில் போட்டு உடைக்கக் கூடாது, போட்டவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். அதுவும் ஆறு மணிக்குள். போட்டவர் ‘தப்பு என்னுது’ என்று அறிவிக்க வேண்டும். கண்டுபிடித்தவரிடம் பேனாவைக் கொடுத்துவிட வேண்டும். அதாவது அடுத்த புதிரிலிருந்து அவர்தான் போடுவார். பதினோரு வருடத்தில் டெய்லரிடமிருந்து ஒருவராலும் பேனாவைப் பிடுங்க முடியவில்லை. பிடுங்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிர் வெளியே போவதற்கு முன் ஒருவர் அதை முழுதாகப் போட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் உப்பு பார்ப்பது. டெய்லருக்கு உப்பு பார்ப்பவள் அவருடைய மருமகள்.

கல்யாணமாகி வந்த புதிதில், மாமனார் சாப்பாட்டு மேசையில் மறந்துவிட்டுப் போன காகிதத்தில் மூன்று விடைகளைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். மறுநாள் மேசையில் புதிய காகிதம் இருந்தது, பக்கத்தில் சீவிய பென்சிலும் இருந்தது. அவ்வளவுதான் உத்தியோக நியமனம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. ஒவ்வொரு அறிக்கையின் கீழும் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவது அவள்தான். ஒரு தடவை கூடப் பார்க்காமல் போட்டதில்லை. அப்படிப்பட்டவள் போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், அறுபத்து நாலு ரத்தக் குப்பிகளைப் பார்த்துவிட்டு வந்து, மாமனாருக்குக் கஞ்சி கொடுத்து, மருந்து கொடுத்து, கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவி, புதிரை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கண் செருகிவிட்டது. விழித்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பு எப்படி?”

“சரியா இருக்கு மாமா.”

நாலு நாளாக அந்த ஒரு வாக்கியம் அவள் நெஞ்சில் மீன் முள்ளாக நின்றது. இடையில் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து, இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாருக்குக் கட்டம், யாருக்குக் குறிப்பு? இன்று காலை ஏழு மணிக்கு அதை அப்படியே குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

இப்போது போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினாலு நெடுக்கில் குறிப்பு தலையணை என்கிறது. ஆனால் அதன் மூன்றாவது எழுத்தை வெட்டிப் போகிறது தாமரை. தாமரையின் நடுவில் ‘ம’. தலையணையில் அந்த இடத்தில் ‘ய’. என்ன நடந்தது என்று அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால், “இருபத்து நாலு மணி நேரமும் இதுலதான் கிடக்கேன், கட்டத்துலயுமா?” என்று தலையணையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அடைமழையை வைத்தார். சொல்லை மாற்றியவர் குறிப்பை மாற்ற மறந்துவிட்டார். உடம்பு நன்றாக இருந்தவரை இந்த மாதிரி மறந்தவரில்லை. மறந்தாலும் பிடிப்பதற்குத்தான் அவள் இருந்தாள்.

விரிப்பைக் காயப்போட்டுவிட்டு வந்தாள். கூடத்தில் கணவன் போனும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். எது நின்றாலும் ஓட வைத்துவிடலாம் என்று நம்பிப் பழகியவன். இரண்டு நாளாக அவனுக்கு ஓட வைக்கக் கிடைத்தது ஆக்சிஜன் உருளைக்காரன் ஒருவன்தான்.

“இன்னும் அரை மணியில வரேன்றான். காலையிலேருந்து இதே அரை மணி.”

“வருவான்,” என்றாள்.

“அப்பா என்ன சொல்றார்?”

“யாரு யாருன்னு கேக்கறார்.”

“யாரைக் கேக்கறார்? அத்தைக்குச் சொல்லிட்டேன். சித்தப்பா கிளம்பிட்டார்.”

அவர் கேட்பது அத்தையையும் அல்ல, சித்தப்பாவையும் அல்ல என்று அவனிடம் எப்படிச் சொல்வது? உள்ளே போனாள். மாமனாரின் வலக்கைச் சுட்டுவிரல் போர்வைமேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடு, நிறுத்தம், இன்னொரு கோடு.

“டீச்சர் அனுப்பிட்டாங்களா?”

“அனுப்பிட்டாங்க மாமா.”

“சண்டை ஒண்ணும் போடலையா?”

“இல்லை. எல்லாம் சரின்னுட்டாங்க.”

“டாக்ஸி?”

“அவரும்.”

“டாக்டர்?”

“அவரும்தான்.”

விரல் நின்றது. அவர் கூரையைப் பார்த்தார். “அதிசயமா இருக்கே,” என்றார். அதற்குப் பிறகு அவள் கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஐந்து நிமிடத்தில் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். இன்னும் ஐந்து நிமிடத்தில் மூடச் சொன்னார். காலை மடக்கிவிடு என்றார், நீட்டிவிடு என்றார். உடம்பு படுத்துகிறது என்று கணவன் நினைத்தான். அவளும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அவருக்காகத்தான் மறைத்தாள் என்று சொன்னால் அது பாதி நிஜம். போகிற நேரத்தில் அவர் மனசு நோகக் கூடாது என்பது அந்தப் பாதி. தப்பு என்று சொன்ன மறுகணம் அவர் அவளைத் திரும்பிப் பார்த்து, நீ உப்பு பார்த்தாயா என்று கேட்பார் என்பது மீதிப் பாதி. அந்தக் கேள்விக்குத்தான் அவள் நடுங்கினாள். தன் பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. உருளைக்காரன்தான் என்று கணவன் ஓடிப்போய்த் திறந்தான். வெயிலில் நடந்து வந்த முகத்தோடு கணக்கு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். மருமகள் முந்திக்கொண்டு வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்தினாள்.

“உள்ள வாங்கன்னு சொல்ல முடியலை டீச்சர். இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டாங்க.”

டீச்சர் சாத்திய கதவைப் பார்த்தார். கையில் நாலாக மடித்த காகிதம் இருந்தது. “அப்படின்னா இன்னிக்கே சொல்லணுமே,” என்றார்.

“என்ன டீச்சர் பேசறீங்க? பதினோரு வருஷம் ஒரு தப்பு இல்லாம போட்டவர். போற நேரத்துல போய் உங்களுது தப்புன்னு சொல்லணுமா? பேனாதானே வேணும்? நீங்களே எடுத்துக்குங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. கொட்டிய பாலை அள்ள முடியுமா? டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

“பேனாவுக்காக இந்த வெயில்ல வந்தேன்னு நெனைக்கறீங்களா? சரி, நெனைச்சுக்குங்க. பதினோரு வருஷமா ஒவ்வொரு செவ்வாயும் நான் அவர் போட்டதுல தப்பு தேடினேன்மா. வேணும்னே தேடினேன். ஒவ்வொரு கட்டமா. கிடைச்சதில்லை. தேடினதுதான் நான் அவருக்குக் கொடுத்த மரியாதை. இன்னிக்குக் கிடைச்சிருக்கு. பார்க்காத மாதிரி போயிட்டேன்னா, இத்தனை வருஷமும் சும்மா தலையாட்டிட்டு இருந்தேன்னு ஆயிடும்.”

“அவருக்குத் தாங்காது டீச்சர்.”

“தாங்குமா தாங்காதான்னு உங்களுக்குத்தான் தெரியும். உங்க வீட்டு மனுஷர்.” காகிதத்தை அவள் கையில் வைத்து மூடினார். “ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நீங்க சொன்னாலும் நான் சொன்ன மாதிரிதான். சொல்லலைன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

படி இறங்கிப் போனவர் தெருமுனை திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சரே உள்ளே போய்ச் சொல்லிவிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

“யார்கூட சண்டை?” என்றான் கணவன்.

“சண்டையில்லை. புதிர்ல ஒரு தப்பு.”

“இந்த நேரத்துலயா?” அவன் இரண்டு கையையும் விரித்தான். “நீங்கெல்லாம் மனுஷங்கதானா?”

மூன்றரை மணிக்கு உருளை வந்தது. மாற்றினார்கள். கொஞ்ச நேரம் மூச்சு இழுப்பு குறைந்தது. கணவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். மாமனார் கண்ணை மூடியபடியே கேட்டார்.

“டீச்சர் குரல் கேட்டுச்சே.”

“வந்தாங்க மாமா.”

“உள்ள வரலையா?”

“நீங்க தூங்கறீங்கன்னு…”

“நான் தூங்கலை.” மூச்சு வாங்கினார். “வாசலோட வந்துட்டு வாசலோட போறாங்க. போன் அடிக்கலை. ஒருத்தன் சண்டைக்கு வரலை. எல்லாரும் முப்பதுக்கு முப்பது. அந்த டாக்ஸி, ஜென்மத்துல முப்பது போட்டதில்லை.” மறுபடி மூச்சு. “என்னம்மா, நேத்தே என்னைத் தூக்கிட்டீங்களா?”

கணவன், “ஏம்பா இப்படியெல்லாம்…” என்று ஆரம்பித்தான். மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நின்றுகொண்டு சொல்ல அவளால் ஆகவில்லை.

“பதினாலு நெடுக்கு தப்பு மாமா.”

கண் திறந்தது. “படி.”

“சிரசும் நீர்த்தேக்கமும் சேர்ந்தால் சாய்ந்துகொள்ளலாம், நாலு எழுத்து.”

“அது தலையணை. அதைத்தான் எடுத்துட்டேனே.”

“சொல்லைத்தான் எடுத்தீங்க. குறிப்பை எடுக்கலை.”

போர்வைமேல் விரல் ஒரு கட்டம் வரைந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் எதிர்பார்த்திருந்த கேள்வி வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது, ஆனால் வந்தது.

“நீ உப்பு பார்த்தியா?”

“இல்லை மாமா.”

“என்ன?”

“பார்க்கலை. பார்த்தேன்னு பொய் சொன்னேன்.”

அவர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். கணவன் பதறி எழுந்தான். எழ முடியவில்லை, ஆனால் குரல் எழுந்தது. தையல் கடையில் இயந்திரச் சத்தத்தையெல்லாம் மீறிக் கேட்குமே, அந்தக் குரல்.

“பட்டன் வைக்காத சட்டையை மாட்டி மாப்பிள்ளையை மேடைக்கு அனுப்பின மாதிரி அனுப்பியிருக்கே! உன் லேப்ல இப்படித்தான் பண்ணுவியா? ரத்தத்தைப் பார்க்காமலே சர்க்கரை இல்லைன்னு எழுதிடுவியா? உன்னை நம்பித்தானே… கண்ணு போன பிறகு உன் கண்ணைத்தானே நம்பினேன்!”

“அப்பா, விடுங்கப்பா. அவ ராத்திரி பகலா உங்களைத்தான்…”

“நீ சும்மா இருடா. உனக்குக் குறுக்கும் தெரியாது நெடுக்கும் தெரியாது.” இருமல் வந்தது. அடங்கியது. “யார் யார் சொன்னா?”

“ஆட்சேபம்னு சொன்னது டீச்சர் மட்டும். மத்தவங்களும் கண்டுபிடிச்சாங்க. சொல்ல வேண்டாம்னுட்டாங்க, பாவம்னு.”

“யாரு பாவம்?”

“நீங்கதான்.”

“பாவமாம்!” என்றார். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. இரண்டு வாரமாக அந்த முகத்தில் அந்த நிறத்தை அவள் பார்த்ததில்லை. “மணி என்ன?”

“நாலு அஞ்சு.”

“பேனா எடு. எழுது. கோணலா எழுதாதே.”

எழுதினாள். மூச்சுக்கு மூச்சு இரண்டு வார்த்தைதான் வந்தது. நடுவில் இருமினார், நடுவில் கண்ணை மூடினார். முடிந்துவிட்டது என்று அவள் நினைத்த நேரத்தில் அடுத்த வார்த்தை வந்தது. பதினாலு நெடுக்கு, தப்பு என்னுது. கண்டுபிடித்தவர் கணக்கு டீச்சர், பேனா அவருக்கு. புதுக் குறிப்பு போட வேண்டும் என்றார். பழையதை ரத்து செய்துவிட்டுச் சும்மா விடக்கூடாதா என்று கணவன் கெஞ்சினான். கிழிந்த இடத்தைக் காட்டிவிட்டு ஊசி போடாமல் போவானா என்று அவனையும் ஒரு அதட்டல் அதட்டினார். கால் மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். உதடு மட்டும் அசைந்தது.

“எழுது. கோழி காப்பது பாதி… வானம் கொடுப்பது மீதி… வெளியே தலைகாட்ட முடியாது. நாலு எழுத்து.”

கோழி காப்பது அடை, வானம் கொடுப்பது மழை. அவள் தலையாட்டினாள்.

“முடியாது இல்லை. அடி அதை. விடாது. வெளியே தலைகாட்ட விடாது. மழை செய்யற வேலையைச் சொல்லணும், நம்ம புலம்பலை இல்லை.”

அடித்துத் திருத்தினாள். அதன் கீழே, அவர் சொல்லாத ஒரு வரியைத் தானாகச் சேர்த்துப் படித்தாள். ‘உப்பு பார்க்காமல் சரி என்று சொன்னது நான், மருமகள்.’

“அது யாரைக் கேட்டுச் சேர்த்தே?”

“யாரையும் கேக்கலை.”

நல்லது என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. அவள் அந்த முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை, சரி விடு என்று ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அவர் இன்னும் கோபமாகத்தான் இருந்தார். அவள் எல்லாவற்றையும் போனில் தட்டினாள். முதல் தடவை படித்தாள், ஓர் எண் தப்பாக இருந்தது, திருத்தினாள். இன்னும் இரண்டு தடவை படித்தாள். அனுப்பினாள்.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன் மாமா.”

“அனுப்பறதுக்கு முன்னாடி பார்த்தியா?”

“மூணு தடவை பார்த்தேன்.”

“இப்பவாவது பார்த்தியே,” என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கணவன் பாதங்களைப் பிடித்தபடி இருந்தான். அவள் டீச்சரின் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தேகாலுக்குப் போன் அதிர்ந்தது. பல் டாக்டர்.

“மாமா, டாக்டர் போட்டுட்டார். அடைமழைன்னு சரியா போட்டுட்டார். ‘டெய்லர், என்னை மன்னிச்சிடுங்க, குறிப்பு பிரமாதம்’னு எழுதியிருக்கார்.”

ஜன்னல் பக்கமிருந்து முகம் திரும்பவில்லை. கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்தாள். அடுத்ததாக டாக்ஸிக்காரர் அனுப்பியதையும் படித்தாள். படித்துக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் போர்வைமேல் அசையாமல் இருந்த விரலைப் பார்த்தாள். தினமும் அறுபது பேருக்கு ரத்தம் எடுக்க நரம்பு தேடிப் பிடிக்கிற கை அவளுடையது. அவர் மணிக்கட்டில் அது ரொம்ப நேரம் இடம் மாற்றி மாற்றி நாடியைத் தேடியது. கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பாதங்களை விடாமலேயே குனிந்து அழுதான்.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மருமகளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்தாள், செருப்புகளை ஒதுக்கினாள், எல்லாரும் வேண்டாம் என்ற பிறகும் காபி கலந்தாள். நிம்மதியாகத்தானே போனார் என்று அத்தை கேட்டபோது கணவன் சொன்ன பதில் சமையலறை வரை கேட்டது.

“எங்க அத்தை? கடைசி ஒரு மணி நேரம் கத்திட்டேதான் இருந்தார். ஏதோ தப்பு கிப்புன்னு இவ போய்ச் சொல்லி…”

அவன் முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியம்தான் அதிகம் சுட்டது. அவள் பாலை அடுப்பிலிருந்து இறக்கினாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த நிமிடமே, என்னை நேத்தே தூக்கிட்டீங்களா என்ற குரல் கேட்டது. இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தது. எந்தப் பக்கமும் அவளை முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழு ஒன்பது மணிக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை போனில் தவிர நேரில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகாதவர்கள், சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வண்டி வரக் காத்திருந்த நேரத்தில் டாக்ஸிக்காரர் அவளிடம் வந்தார். கண் வீங்கியிருந்தது.

“கடைசியா என்னம்மா சொன்னார்?”

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எல்லாரையும் கேட்டதாகச் சொன்னார் என்றால் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

“‘இப்பவாவது பார்த்தியே’ன்னு சொன்னார்.”

“ஆகா,” என்றார் டாக்ஸிக்காரர். “எவ்வளவு பெரிய வார்த்தை! எதைப் பார்த்துச் சொன்னாரோ!”

பக்கத்தில் நின்ற பல் டாக்டரின் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. எழுத்து எண்ணுகிறார். அவள் பார்ப்பதைக் கண்டதும் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “பழக்கம்மா,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. சமையலறைக்குப் போய், பாத்திரங்களுக்கு நடுவில் நின்று, சத்தம் வராமல் அழுது தீர்த்தாள். மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்கு டீச்சர் வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

“செவ்வாய்க்குப் போட்டது. உப்பு பாருங்க.”

“நானா? நான் உப்பு பார்த்த லட்சணம்தான் குழுவுக்கே தெரியுமே டீச்சர்.”

“வேற யார்கிட்ட போறது? டாக்ஸிக்காரர்கிட்ட கொடுத்தா பாதி வழியில இறக்கி விட்டுடுவார்.” எழுந்துகொண்டார். “மூணு நாளா இதோடதான் உக்காந்திருக்கேன். இவ்வளவு கஷ்டம்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆட்சேபமே பண்ணியிருக்க மாட்டேன்.” சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

அவர் போன பிறகு அவள் உறையை எடுத்துக்கொண்டு மாமனாரின் அறைக்குப் போனாள். விரிப்பில்லாத கட்டிலில் உட்கார்ந்தாள். ஒன்று குறுக்கு. மூன்று குறுக்கு. டீச்சரின் குறிப்புகளில் டெய்லரின் குறும்பு இல்லை, ஆனால் தையல் நேராக இருந்தது. சிலவற்றில் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. கணவன் வாசற்படியில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் அவள் கையிலிருந்த பென்சிலையே பார்த்தான்.

“அன்னிக்கு ஒண்ணு சொன்னாரே, கோழி, வானம்னு. அதுக்கு என்ன விடை?”

சொன்னாள். அவன் வாய்க்குள் கோழி, வானம் என்று சொல்லிப் பார்த்தான். “ஓ,” என்றான். பிறகு, “ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவ்வளவு சத்தமா பேசினார், இல்ல?” என்றான். அவள் பதில் சொல்வதற்குள் போய்விட்டான்.

இருபத்தொன்பது முடிந்தது. எல்லாம் சரி. கடைசியாக இருபத்தாறு குறுக்கு. குறிப்பு ஐந்து எழுத்து என்றது. கட்டத்தை எண்ணினாள். நாலு. திரும்ப எண்ணினாள், பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு. நாலுதான். டீச்சரின் முதல் புதிர். மூன்று நாள் உட்கார்ந்து போட்டது. சின்னத் தப்பு, அவளே ஒரு கோடு போட்டுச் சரிசெய்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே டீச்சர் எடுத்துவிட்டார்.

“உப்பு எப்படிம்மா?”

“இருபத்தாறு குறுக்கு தப்பு டீச்சர்.”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்றை இழுத்துப் போடுவது கேட்டது, காகிதம் புரள்வது கேட்டது.

“சொல்லுங்க,” என்றார் டீச்சர்.